சலுகை கொடுத்த அட்டைகள்

நான் ஓய்வு பெற்ற பிறகு என் இருக்கைக்கு வந்த ரூபிணி போன மாதம் போனில் கூப்பிட்டாள்.

"அக்கா, நம்ம பயிலும் வட்டத்துல போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் இப்ப போன்லயே கேள்வி அட்டை போட்டுப் படிக்குதுங்க. எந்தக் கேள்விய என்னைக்குத் திரும்பப் பாக்கணும்னு செயலியே சொல்லிருது. ஆனா நாலு நாள் விட்டாப் போதும், இன்னைக்குப் பாக்க வேண்டியது அறுநூத்தி நாப்பதுன்னு காட்டுது. பயந்துபோய் செயலியவே அழிச்சுப்புடுதுங்க. நீங்க வந்து அரை மணி நேரம் பேசுங்களேன்."

"நான் வந்தா திட்டத்தான் செய்வேன்" என்றேன்.

"அதுக்குத்தானக்கா கூப்பிடுறேன்" என்றாள். வாய்க்கொழுப்பு.

வில்லாபுரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக முழங்கால் இடம் கொடுக்கவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். நான் ஆசிரியை இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருடம் எழுத்து வேலை பார்த்தவள். படிப்பு பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கோப்புகளைக் கட்டி அவிழ்த்ததில் தெரிந்துகொண்டதுதான். அதில் ஒரு தப்பும் உண்டு. என்னைத் தவிர இன்னொருத்திக்கு மட்டும் தெரிந்த தப்பு.

தட்டச்சு முடித்தேன், தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, பயிற்சிக்குப் போய் வந்தேன். அந்த நாட்களைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை. சொல்ல வேண்டியவர் எங்கள் கண்காணிப்பாளர் தங்கராசு சார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பாக எழுதிய கோப்பைக் கொண்டுவந்து நம் மேசையில் நேராக வைத்து, இரண்டு விரலால் அதன்மேல் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். அதற்குப் பதிலாக நான்கு வசவு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவர் மேசைக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி இருந்தது. தச்சரிடம் சொல்லி அவரே செய்து வாங்கியது. தேதிக்கு ஒன்றாக முப்பத்தொரு அறை, மேல் வரிசையில் மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு அறை. ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் போகிறதென்றால், அதன் எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி, என்றைக்கு நினைவூட்ட வேண்டுமோ அந்தத் தேதி அறையில் போட்டுவிட வேண்டும். காலையில் வந்ததும் அன்றைய அறையை மட்டும் காலி செய்ய வேண்டும். பதில் வரவில்லையா, நினைவூட்டு எழுதி, துண்டு நாளைக்கோ மறுநாளுக்கோ போகும். பதில் வந்துவிட்டதா, அடுத்த நடவடிக்கை எப்போதோ அந்த மாதத்துக்குப் போகும். மற்ற அறைகளை எட்டிப் பார்க்கக் கூடாது. "அம்புட்டையும் பாத்தா மலைப்பாத்தாம்மா இருக்கும். இன்னைக்கு உள்ளது என்ன, அத எடு" என்பார்.

அப்போது நான் துறைத் தேர்வில் இரண்டு முறை தோற்றிருந்தேன். புத்தகம் பார்க்காமல் எழுத வேண்டிய தாள் ஒன்று இருந்தது. அதில் பாஸானால்தான் பதவி உயர்வு. நான் படிக்காதவள் இல்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை மூன்று முறை படித்திருந்தேன். மூன்றாம் முறை முடிக்கும்போது முதல் பக்கம் ஓடிப்போயிருக்கும். ஒருநாள் எரிச்சலில், மண்டையில் நிற்காத பத்து விதிகளைக் கேள்வியாகத் துண்டுகளில் எழுதி, மறுநாள் பார்க்கலாமென்று அந்தப் பெட்டியிலேயே செருகிவிட்டேன். அலுவலகப் பெட்டியில் சொந்தக் காகிதம். திமிர்தான்.

மறுநாள் காலை நான் வருவதற்குள் சார் அறையைக் காலி செய்ய ஆரம்பித்துவிட்டார். கவுண்டரில் கூட்டம். அவர் ஒரு துண்டை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிப் படித்தார். "ஈட்டிய விடுப்பு அதிகபட்சம் எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்?" முகத்தில் ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார். எனக்கு அந்த எண் நினைவுக்கு வரவில்லை. அவர் பேனாவை எடுத்து அந்தத் துண்டின் ஓரத்தில் எழுதினார்: "பதில் வரவில்லை. நாளை நினைவூட்டுக." நாளைய அறையில் போட்டுவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

அன்று பத்துக்கு ஏழு பதில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. ஆனால் மறுநாள் அந்த ஏழில் ஐந்து வாயில் தானாக வந்தது. வந்ததை மூன்று நாள் தள்ளிப் போட்டார். அப்போதும் வந்தால் ஒரு வாரம். பிறகு இரண்டு வாரம், பிறகு ஒரு மாதம். வராதது எதுவாக இருந்தாலும் நேரே நாளைக்கு. அவர் இதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை, எனக்கு ஓர் அறிவுரையும் சொல்லவில்லை. கடிதத்துக்கு என்ன செய்வாரோ அதையே எனக்கும் செய்தார். அந்த வருடம் பாஸானேன்.

அவரிடம் எனக்குப் பிடிக்காததும் ஒன்று இருந்தது. வேலைவாய்ப்புப் பதிவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். தவறினால் பதிவு மூப்பு போய்விடும். கீழக்குயில்குடிக்காரர் ஒருவர், கேரளத்தில் தோட்ட வேலைக்குப் போன இடத்தில் தேதியை மறந்து, காலம் கடந்து வந்து நின்றார். ஒன்பது வருட மூப்பு. "சார், ஒரு முத்திரையக் குத்தி விடுங்க சார், யாருக்குத் தெரியப் போகுது" என்று கவுண்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"குத்துறதுக்கு ஒரு நிமிசம் ஆகாதுய்யா. ஆனா மூப்பு முத்திரையில இல்ல, நீ வந்து புதுப்பிச்சதுல இருக்கு. இன்னைக்கும் ஒரு தேதிதான். இன்னைக்கே புதுசாப் பதிஞ்சுக்க" என்றார் சார். படிவத்தைத் தானே நிரப்பினார். பிறகு அவரை வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. டீ வாங்கிக் கொடுக்கத் தெரிந்த மனுசனுக்கு ஒரு முத்திரை குத்தத் தெரியவில்லையே என்று இரண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதனால்தான், தவறியவர்களுக்கு அரசு அவ்வப்போது சலுகை ஆணை போடும்போதெல்லாம் எனக்குத் திருவிழா போல இருக்கும். பழைய மூப்போடு சேர்த்துக்கொள்ளலாம் என்று ஆணை வந்துவிட்டால், நாள் முழுக்க பதிவு அட்டைகளின் மூலையில் சிவப்பு மையில் ஒரு 'ச' போடுவேன். சலுகை என்பதற்கு எங்கள் பிரிவில் அதுதான் அடையாளம். வந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சுகம் என் கையில் ஊறிப்போயிருந்தது.

பிறகு சார் ஓய்வு பெற்றார். பதிவெல்லாம் கணினிக்குப் போனது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காக எங்கள் அலுவலகத்தில் பயிலும் வட்டம் நடந்தது. புத்தகம் கொடுப்பது, மாதிரித் தேர்வு வைப்பது, சாவி வைத்திருப்பது எல்லாம் என் தலையில் விழுந்தது. பதிவு அட்டைகள் அடுக்கியிருந்து, இப்போது வேலையில்லாமல் கிடந்த பழைய மரத்தட்டுகளை எடுத்து, கேட்டவர்களுக்கு மட்டும் தேதிப் பெட்டி போட்டுக் கொடுத்தேன். அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை. மதுரையில் அதற்கா பஞ்சம்? வெறுமையாக இருக்கும் பின்பக்கத்தில் மேலே கேள்வி, கீழே பதில். பதிலை மடித்து மறைத்துவிடலாம். கெட்டியாக இருக்கும், பஸ்ஸில் கசங்காது.

அப்படிப் பெட்டி வாங்கியவர்களில் ஒருத்திதான் மாரிச்செல்வி. அவளுக்கு அப்போது நாற்பத்தொன்று, எனக்கு ஐம்பத்தாறு. கொட்டாம்பட்டிப் பக்கம். அவள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலி வேலை பார்த்தவர்கள். இவள் அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி, டவுனில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நின்றாள் என்றால் நிஜமாகவே நின்றாள், காலை ஒன்பதரையிலிருந்து. கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரியும். புருசன் லோடு வண்டி ஓட்டினார். எட்டாவது படிக்கிற மகள் ஒருத்தி. பெட்டியை அலுவலகத்திலேயே வைத்திருந்தாள்; முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கு முன்னால் அலுவலக வாசலில் இருப்பாள்.

"எதுக்கு இந்த வயசுல இம்புட்டுப் பாடு?" என்று ஒருநாள் கேட்டேன். எனக்கு அப்படித்தான் கேட்கத் தெரியும்.

"உக்காந்து வேலை பாக்கணும்க்கா" என்றாள். "எங்கம்மா குனிஞ்சே பாத்தாக. நான் நின்னுக்கிட்டே பாக்குறேன். ஒரு நாற்காலியில உக்காந்து பாக்கணும். இந்தத் தடவ விட்டா எனக்கு வயசு முடிஞ்சுரும்."

உண்மைதான். அவள் எழுத நினைத்த தேர்வுக்கு, வயது வரம்புப்படி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் இருந்தது.

நான் பார்த்ததில் அவளைப் போல அட்டை போட்டவர் யாருமில்லை. ஒரு அட்டையில் ஒரே கேள்வி. பதிலை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் மடிப்பைத் திறப்பாள். தெரிந்த மாதிரி இருந்தால் தெரியாது என்றுதான் கணக்கு. மறந்துபோவதற்குச் சற்று முன்னால் திரும்பப் பார்த்தால் அது மண்டையில் இன்னும் ஆழமாக இறங்கும் என்று நான் சொன்னதை, "நாத்து வாடுறதுக்குள்ள தண்ணி விடுற மாதிரி" என்று அவளே விளக்கிக்கொண்டாள். அன்றைய அறை அட்டைகள் கடைப் பைக்குள் போகும். பஸ்ஸில் பாதி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மீதி. ஐந்தே மாதத்தில் அவள் மாதிரித் தேர்வு மதிப்பெண் முதல் வரிசைக்கு வந்துவிட்டது.

தேர்வுக்கு மூன்று மாதம் இருந்தபோது மகளுக்குக் காய்ச்சல் கண்டு பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பன்னிரண்டு நாள். செல்வி பிள்ளைக்குப் பக்கத்திலேயே இருந்தாள், அட்டையைத் தொடவில்லை. தொடத்தான் முடியுமா? பிள்ளை தேறி வீட்டுக்கு வந்த மறுநாள் காலை என் முன்னால் பெட்டியைத் திறந்தாள். விட்டுப்போன பன்னிரண்டு நாள் அறையும் பிதுங்கி நின்றது. சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தாள்.

"இம்புட்டையும் எப்பக்கா பாக்க? எனக்கு முடியாதுக்கா. விட்ருவோம்."

தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினேன். "பெட்டிய வச்சுட்டுக் கடைக்குப் போ. நாளைக்கு வா" என்றேன்.

அன்று மத்தியானம் நான் என்ன செய்தேன் தெரியுமா? விட்டுப்போன அட்டைகள் அத்தனையையும் எடுத்து, சிவப்பு மையில் மூலையில் 'ச' போட்டேன். மூன்று நாள் இடைவெளியில் இருந்ததை ஒரு வாரத்துக்கு, ஒரு வாரத்தை இரண்டு வாரத்துக்கு, இரண்டு வாரத்தை மாதத்துக்கு, மாதத்தை இரண்டு மாதத்துக்கு. அவள் பார்த்துவிட்டாள், பதில் சொல்லிவிட்டாள் என்பது போலப் பழைய மூப்போடு தள்ளி வைத்தேன். கை தானாக ஓடியது. மறுநாள் அவள் திறந்தபோது அன்றைய அறையில் இருபது அட்டைதான் இருந்தது.

"மத்ததெல்லாம்?"

"சலுகை ஆணை வந்துருச்சு" என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. நான் அதற்குத்தான் ஆசைப்பட்டேன்.

தேர்வுக்கு நாற்பது நாள் இருந்தபோது மாதிரித் தேர்வு வைத்தோம். செல்வியின் மதிப்பெண் அதல பாதாளத்துக்குப் போயிருந்தது. தாளைத் திருத்தியவள் நான்தான். மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். பிறகு அவள் பெட்டியை எடுத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் உரிய அட்டையைத் தேடி எடுத்து மேசைமேல் வைத்தேன். மூலையில் 'ச', 'ச', 'ச'. சலுகை கொடுத்த அட்டைகளில் பாதிக்குமேல் அவள் இரண்டு மாதமாகப் பார்க்கவே இல்லை. அவை தூரத்து அறைகளில், தெரிந்தவை என்ற பெயரில் தூங்கிக்கொண்டிருந்தன. திரும்ப வந்த சிலவற்றையும் 'பழைய அட்டைதானே' என்று அவள் லேசாகப் பார்த்துத் தள்ளியிருந்தாள். அரசு ஆணை போட்டால் அலுவலகம் கேட்கும். மண்டை கேட்காது. இது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மறைத்திருக்கலாம். பிள்ளைக்கு உடம்பு சரியில்லாததால் மதிப்பெண் குறைந்தது என்று சொன்னால் நம்பியிருப்பாள். இரண்டு விரலால் மேசையைத் தட்டுகிற சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் காலை அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கத்தவில்லை. "நீங்க என்மேல பாவம் பாத்தீங்க. பரிச்சை பாக்குமாக்கா?" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அந்த இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருத்தியின் கடைசி வாய்ப்பை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். தங்கராசு சார் ஏன் அந்த முத்திரையைக் குத்தவில்லை என்பது எனக்கு அப்போதுதான், இத்தனை வருடம் கழித்துப் புரிந்தது. அவர் டீ வாங்கிக் கொடுத்தது எதற்கு என்பதும் புரிந்தது.

மூன்றாம் நாள் எட்டு மணிக்கு முன்னால் வாசலில் நின்றாள். "என்ன செய்யணும், சொல்லுங்க" என்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. கோபத்தோடு வந்ததே எனக்குப் போதும்.

"இன்னைக்கும் ஒரு தேதிதான்" என்றேன். "சலுகை அட்டை எல்லாம் இன்னைலருந்து புதுப் பதிவு. பழைய மூப்பு கிடையாது."

பிறகு உட்கார்ந்து திட்டம் போட்டோம். இனிமேல் புது அட்டை ஒன்றுகூட எழுதக் கூடாது. 'ச' போட்ட கட்டிலிருந்து ஒரு நாளைக்கு முப்பது, அதற்கு மேல் தொடக்கூடாது. அதோடு அன்றைய அறையில் வழக்கமாக வருவது. எத்தனை முறை பார்த்தும் பிடிபடாத ஐம்பது அறுபது அட்டையை நானே எடுத்து ரப்பர் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். "போனாப் போகுது" என்றேன். அவளுக்கு மனசு வரவில்லை. ஆனால் பூட்டின பிறகு அவள் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நாற்பது நாளில் ஒரு மாத இடைவெளிக்கு இடமில்லை. அதனால் நாளைக்கு, மூன்று நாள், ஒரு வாரம், இரண்டு வாரம், அவ்வளவுதான். கடைசி வாரம் தப்பாகப் போனவை மட்டும்.

முதல் நாள் முப்பதில் பத்தொன்பது வரவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் அந்தப் பத்தொன்பதில் பதினாறு வந்துவிட்டது. ஒருமுறை தெரிந்திருந்தது அடியோடு அழிந்துபோவதில்லை, கூப்பிட்டால் புதியதைவிடச் சீக்கிரம் எழுந்து வருகிறது. பிள்ளைகளா, போனில் அறுநூற்று நாற்பது என்று காட்டினால் அழித்துவிடாதீர்கள். எல்லாவற்றையும் தெரியும் என்று தள்ளியும் விடாதீர்கள். முப்பது எடுங்கள். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

தேர்வு முடிந்து முடிவு வர மாதக்கணக்கானது. முடிவு வந்த அன்று அவள் கடையில் நின்றிருந்தாள். நான்தான் பட்டியலில் அவள் தேர்வு எண்ணைப் பார்த்துவிட்டுக் கடைக்கே போனேன், சேலை வாங்குகிறவள் மாதிரி. "இளநிலை உதவியாளருக்கு ஏத்த மாதிரி ஒரு சேலை காட்டுங்க" என்றேன். கையிலிருந்த சேலையை அப்படியே போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்துவிட்டாள். அந்தக் கடையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் முறையாம்.

ஒரு தாலுகா அலுவலகத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்று போன் செய்தாள். "அக்கா, நாற்காலி குடுத்துட்டாங்க. ஒரு கால் ஆடுச்சு. நம்ம பத்திரிகை அட்டைய மடிச்சுக் கீழ வச்சுட்டேன். இப்ப ஆடல."

மறுநாளும் போன் செய்தாள். பிறகு மூன்று நாள் கழித்து. பிறகு ஒரு வாரம். பிறகு இரண்டு வாரம், ஒரு மாதம். நானும் ஓய்வு பெற்று வீட்டோடு உட்கார்ந்துவிட்டேன். அப்புறம் மூன்று மாதம் சத்தமே இல்லை. எனக்கு உள்ளுக்குள் புகைந்தது. ரூபிணி கூப்பிட்ட அன்று சாயங்காலம், பொறுக்க முடியாமல் நானே செல்விக்குப் போன் போட்டுக் கத்தினேன். நாற்காலி கிடைத்ததும் ஆள் மறந்துபோச்சா என்று கேட்டேன்.

அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள். "நல்லாத் தெரிஞ்ச அட்டைதானக்கா தூரத்து அறைக்குப் போகும்? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

"நான் என்ன அட்டையாடி?"

"அப்ப ஒண்ணு செய்ங்க. நான் யாருன்னு மறந்துபோச்சுன்னு சொல்லுங்க. பதில் வரலன்னா நாளைக்குத்தான வரணும்? நாளைக்கே வாரேன்."

கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

"யாரும்மா நீ?" என்றேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு முன்னால் என் வீட்டு வாசலில் நின்றாள்.